இடது பக்கத்து மவுண்ட்

19-7-82, திங்கள்

காற்று. களத்தில் ஜவ்வரிசி மாவு பறந்து மில் ஆட்கள் எல்லாருக்கும் வெள்ளைத் தலை. மதியம் வரை கரண்ட் இல்லை. பெல்ட் மாற்ற வேண்டும்.

புதுச்சத்திரம் தாண்டி, ஷாக் அப்சார்பரைப் பாடியோடு பிடித்திருக்கும் மவுண்ட் மறுபடி உடைந்தது. பின்னால், இ. பக்கம். ஐந்தாவது தடவை. பிடிப்பு போன ஷாக் அப்சார்பர் தகரத்தில் மோதுகிற சத்தம் இருக்கிறதே, ரோட்டில் போகிற மாடு கூட நின்று பார்க்கிறது. இரண்டே சீட், சிவப்புக் கலர் சீமைக் கார். சும்மாவே பார்ப்பார்கள்.

சாயங்காலம் சரோஜாவின் தம்பி வந்தான். உட்காரவில்லை. "ஏனுங்க மாமா, அக்கா ஆவணியில மேட்டூர்ல வேலைக்குப் போறாங்க. அங்கயே ஊடும் பாத்தாச்சுங்க. கூப்புடறதுன்னா நீங்களே வந்து ஒரு வார்த்தை கூப்புட்டுருங்க. ஆடிப் பதினெட்டுக்குள்ள வாங்க." காபி குடிக்கிறாயா என்றேன். வேண்டாமென்றான். நல்லதாய்ப் போயிற்று, பால் இல்லை.

ச. மேச்சேரிக்குப் போனது தை மாதம். அவள் தங்கை கல்யாணத்தன்று கிரீஸ் போடுகிறேன் என்று நான் வண்டிக்கு அடியில் கிடந்தேன். தாலி கட்டி முடிந்த பிறகு கிரீஸ் கையோடு போய் நின்றேன். மண்டபத்திலிருந்து அப்படியே அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

21-7, புதன்

காலையில் பழனியப்பன் பட்டறை. லாரிக்கு பாடி கட்டுகிறவர். பழைய ஷாக் அப்சார்பர் எண்ணெய் கக்கியதால் போன கார்த்திகையில் கோயமுத்தூரில் வேறு வாங்கி, அதை மாட்ட மவுண்ட் செய்து கொடுத்தவரும் இவர்தான்.

"உடுங்க, இந்தத் தடவை கால் இஞ்சு தகடு போட்டுர்றனுங்க. லாரிக்கே தாங்கும்."

நாமக்கல்லில் எது உடைந்தாலும் ஒரே மருந்து, தகட்டின் கனத்தைக் கூட்டுவது. போன தடவை கூட்டியதில் மவுண்ட் நின்றது, அது ஒட்டியிருந்த பாடித் தகரம் கிழிந்தது. சொன்னேன்.

"அப்ப தகரத்துக்கும் ஒரு தகடு வெக்கோணுமுங்க."

நான் உட்காருவது வ. பக்கம். பாரம் அங்கே. பாரமே இல்லாத இ. பக்கம் ஏன் உடைகிறது என்று கேட்டேன். "இடது பக்கம் ரோட்டோரமுங்க. குழியெல்லாம் அங்கதானுங்க." நியாயமாகத்தான் பட்டது. மதியத்துக்குள் தகடு வைத்து ஒட்டிக் கொடுத்தார்.

வாங்கியவை: பெல்ட், தீப்பெட்டி, பால் பவுடர்.

பக்கத்து வீட்டுக்காரர் கேட் ஓரம் நின்று, "அம்மிணி ஆடிக்குப் போயிருக்குதுங்களா?" ஆமாங்க என்றேன். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து ஆடி அழைப்பாம். அவருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

23-7, வெள்ளி

நல்ல வெயில். குழிதான் காரணமா என்று பார்த்துவிட, ராசிபுரம் ரோட்டில் வேண்டுமென்றே வலது ஓரமாக ஓட்டினேன். எதிரே வந்த பஸ் டிரைவர் தலையை நீட்டி, "யோவ், ஊட்டுல சொல்லிட்டு வந்துட்டியா?"

யாரிடம் சொல்வது?

வ. சக்கரம் ஒரு குழி விடாமல் இறங்கி ஏறியது. வ. மவுண்ட் கல் மாதிரி. இ. பக்கம் வெல்டிங் ஓரம் புது விரிசல். ஆகக் குழி மட்டும் காரணமில்லை.

ராத்திரி சாதம் குழைந்துவிட்டது. மோர் ஊற்றிக் குடித்தேன் என்றே சொல்லலாம்.

25-7, ஞாயிறு

மில் லீவு. வண்டிக்குள் நான் உட்கார்ந்திருக்கும்போது இ. பக்கம் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளக்க வேண்டும். உள்ளே உட்காரவும் வெளியே அளக்கவும் நானேதான். கூப்பிட ஒரு ஆள் இல்லை. என் சீட்டில் சாக்கை வைத்து, வாளி வாளியாக ஜவ்வரிசி கொட்டி என் எடைக்கு நிரப்பினேன்.

அடியில் படுத்துப் பார்த்தால் விஷயம் பளிச்சென்று தெரிந்தது. கோயமுத்தூரில் வாங்கிய ஷாக் அப்சார்பர் நீளம் குறைவு. இ. பக்கம் காலியாக இருப்பதால் வண்டி அங்கே தூக்கிக்கொண்டு நிற்கிறது. ஷாக் அப்சார்பர் இழுபட இன்னும் ஒரு விரல் அளவுதான் பாக்கி. சக்கரம் குழியில் இறங்கினால் அது முழுக்க நீண்டு, மவுண்ட்டையே பிடுங்குகிறது. இ. சீட்டிலும் ஜன்னல் வழியே ஒரு சாக்கு வைத்தேன். நாலு விரல் இடம் கிடைத்தது.

பாரத்தால் உடையவில்லை. பாரம் இல்லாமல் உடைகிறது.

கார்த்திகையிலிருந்து தை வரை இதே மவுண்ட், இதே ரோடு, ஒரு தடவை கூட உடையவில்லை. ச. உட்கார்ந்திருந்தாள். மாசியில் ஆரம்பித்தது.

வண்டியின் எடை பவுண்டு கணக்கில் சொல்வேன். அவள் எடை தெரியவில்லை. எந்த அளவுக்குச் சாக்கை நிரப்புவது என்று வாளியோடு நின்றேன். அழுகை வந்தது. களத்தில் யாரும் இல்லை என்பதால் அழுதேன்.

28-7, புதன்

மேல் மவுண்ட்டை இரண்டு இஞ்சு இறக்கி வைத்தால் தீர்ந்தது. பழனியப்பன் ஒப்புக்கொண்டார். ஆனால் கை காலி இல்லை. "பதினெட்டு கழிச்சு வாங்க. அதுவரைக்கும் மூட்டையவே கூட்டிட்டுப் போங்க."

இ. கதவு மாதக்கணக்கில் திறக்காமல் கீல் இறுகிக் கிடந்தது. எண்ணெய் விட்டேன். சாக்கைக் கயிறு போட்டுக் கட்டினேன். புதுச்சத்திரம் வரை போய்த் திரும்பியும் சத்தமே இல்லை. ஒரு பெரிய குழி வந்தபோது "புடிச்சுக்கோ" என்று வாய்விட்டுச் சொன்னேன். மூட்டையிடம்.

31-7, சனி

தூறல். மேச்சேரியில் சொல்ல வேண்டியது:
வீட்டுக்கு வா.
கல்யாணத்தன்று நான் செய்தது தப்பு.
நீ இல்லாமல் முடியவில்லை.
மூன்றே வரி. குளியலறையில் சொல்லிப் பார்த்தேன். மூன்றாவது வரி வரவில்லை.

ஆடிப் பெருக்கு

விடியும்போதே கிளம்பினேன். மேச்சேரி ரோட்டில் மேட்டூர் ஆற்றுக்குப் போகிற கூட்டம், வண்டி வண்டியாக.

ச. வாசலுக்கு வந்தாள். "வாங்க" என்றாள். இளைத்திருக்கிறாள். வண்டியைப் பார்த்தாள்.

"அங்க என்னங்க மூட்டை?"

கேட்டாளே என்ற சந்தோஷம். சொன்னேன். ஷாக் அப்சார்பர் குட்டை, காலியாக இருந்தால் அந்தப் பக்கம் தூக்குகிறது, குழியில் மவுண்ட்டைப் பிடுங்குகிறது, நீ உட்கார்ந்திருந்த வரைக்கும் உடையவே இல்லை, அந்த சீட்டில் ஏதாவது எடை இருந்தால் போதும். கையால் அளந்து காட்டினேன். அவள் குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டாள்.

"அப்ப மூட்டையே போதுமுங்களே" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

அவள் தம்பி என்னைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். கொஞ்ச நேரம் நின்றேன். அவள் திரும்பி வரவில்லை.

திரும்புகையில் ஓமலூர் வரை ரோடு முழுக்கக் குழி. மவுண்ட் உடையவில்லை.