கோணல் தையல்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, தோல் பெட்டிகளைக் கையால் தைப்பது இந்தப் பட்டறையில் நான் மட்டும்தான். போன மாதம் மேலாளர் வந்தார்.

"அம்மா, மிஷின்ல தச்ச மாதிரி நேரா இருக்கு. கைவேலைன்னு யாரும் நம்ப மாட்டேங்கறாங்க. அங்கங்க கோணலா விடுங்களேன்!"

"கோணல் தையலுக்கு கான்வென்ட்ல விரல்ல அடி வாங்கினவ நான். அதுக்கு வேற ஆளப் பாருங்க" என்றேன்.

நேற்று ஒரு கைப்பிடியில் மூன்று தையல்கள் தாமாகவே வரிசை விலகியிருந்தன. விரலால் தடவித்தான் கண்டுபிடித்தேன். பிரிப்பதற்குள் மேலாளர் பிடுங்கிக்கொண்டு போய்ப் பட்டறை முழுக்கக் காட்டினார்.

"பாருங்கப்பா, அம்மா ஒரு வழியா வழிக்கு வந்துட்டாங்க!"

எல்லோரும் கைதட்டினார்கள். இனி எல்லாப் பெட்டியும் அப்படியே வேண்டுமாம். வேண்டுமென்றே செய்தவள்போல நானும் சிரித்து வைத்தேன்.

என் வீட்டுக்காரர் போய்ச்சேரும்வரை பேப்பர் படித்த பூதக்கண்ணாடி அங்கே நம் வீட்டு அலமாரியில் இருக்கும். புடவைக்குள் சுற்றி அனுப்புங்கள். என் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாம்.

வேலைக்கு மணி அடித்துவிட்டது. பதில் போடும்போது எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக எழுதுங்கள், அக்கா.

உங்கள் தங்கை