படிகத்தின் மேல் பழி

ஆம்பூர்,
வெள்ளிக்கிழமை.

தமிழினிக்கு,

உமைமாவின் ஸலாம். ஜெர்மனியில் இப்போது பனி கொட்டுகிறதாமே, உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே என்னைப் பெற்ற அம்மிக்கு முட்டிவலி ஜாஸ்தியாகிவிட்டது. நான் ராணிப்பேட்டையில் ஒரு தோல் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். தோலில் குரோமியம் எவ்வளவு தங்கியிருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். படித்த படிப்புக்கு இதுதான் கிடைத்தது.

நீ அனுப்பிய குரல் செய்தியைக் கேட்டேன். பதிலைக் காகிதத்தில் எழுதுகிறேன். மின்னஞ்சல் என்றால் யாரோ யாருக்கோ தள்ளிவிடுவார்கள். இதை நீ மட்டும் படிக்க வேண்டும்.

"பத்திரிகைக்கு ஒரே ஒரு மெயில் போடுடீ. 'நான் குடுத்த படிகம் சுத்தமா இல்ல, உள்ள அழுக்கு இருந்துச்சி'ன்னு எழுது. மேட்டர் முடிஞ்சிடும்" என்கிறாய். மதியழகன் சாரும் கூப்பிட்டார். நம் இருவருக்கும் வழிகாட்டி அவர். "யாருக்கும் நஷ்டமில்லம்மா" என்றார். அந்த 'யாருக்கும்' என்பதில் நான் இல்லை போலிருக்கிறது.

வேலூர் ஆய்வகத்தில் அந்த உலை முன்னால் யார் உட்கார்ந்திருந்தது என்று உனக்குத் தெரியும். இரும்பையும் ஆர்சனிக்கையும் சேர்த்து உருக்குவது விளையாட்டா? குழாய் வெடித்தால் அறை முழுக்க விஷம். அப்படி வளர்த்தெடுத்த படிகங்கள் அவை. அபிரகத் தகடு போல மின்னும். ஜெர்மனிக்கு நாம் இருவரும் போவதாகத்தான் ஏற்பாடு. என் பாஸ்போர்ட் விசாரணை இழுத்துக்கொண்டே போனது. எங்கள் தெருவுக்கு மட்டும் விசாரணை எப்போதும் நிதானமாகத்தான் வரும். படிகத்தை அழுத்திப் பார்க்கும் கருவியை அங்கே நமக்கு ஒதுக்கிய தேதி எனக்காகக் காத்திருக்குமா? என் படிகங்களை எடுத்துக்கொண்டு நீ போனாய். சந்தோஷமாகத்தான் வழியனுப்பினேன்.

அங்கே படிகத்தை எண்ணெயில் மூழ்கவைத்து அழுத்தினாய். அழுத்தம் ஏற ஏற, அடுக்குகள் ஒரு கட்டத்தில் சட்டென்று அமுங்கி அதன் அமைப்பே மாறியது. அதுவரை எல்லாம் சரி. குளிர்வித்துப் பார்த்தபோது மின்தடை சரிந்தது. உடனே என்னைக் கூப்பிட்டு, "மீக்கடத்திடீ உமைமா! கரண்டு தடையே இல்லாம ஓடுது!" என்று கத்தினாய்.

நான் அப்போதே சொன்னேன். "சுத்தி இருக்கற எண்ணெய் குளுர்ல உறைஞ்சிபோச்சிடீ. ஒரு பக்கம் ஜாஸ்தியா அழுத்துது, ஒரு பக்கம் கம்மியா அழுத்துது. ஹீலியத்துல வச்சி ஒரு தரம் பாரு, அது சமமா அழுத்தும்." இந்த வகைப் படிகங்களில் முன்பே பலர் ஏமாந்த இடம் அது. "டைம் இல்ல, அடுத்த டீம் வெளிய நிக்கிறாங்க" என்று வைத்துவிட்டாய்.

ஆய்வுப் பத்திரிகையில் உன் கட்டுரை வந்தது. கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில், படிகம் கொடுத்து உதவியவள் என்று என் பெயர். அதிலும் எழுத்துப்பிழை. அந்தக் கட்டுரையை வைத்துத்தான் உனக்கு அங்கே வேலை கிடைத்தது. நல்லது. ஆனால் கண்டுபிடிப்பில் இடமில்லாத என் பெயருக்கு, தப்பில் மட்டும் எப்படியடி இடம் வந்தது?

ஜப்பானில் ஒரு குழு தங்கள் படிகத்தில் செய்து பார்த்து உங்கள் முடிவை மறுத்த பிறகு, அதே படிகம் வேண்டும் என்று சாரைக் கேட்டிருக்கிறார்கள். அவர் பதில் போடவில்லை. என்னைக் கேட்டார்கள். மிச்சமிருந்ததை அனுப்பிவிட்டேன். கோபத்தில் அனுப்பினாள் என்று நினைப்பாய். நினைத்துக்கொள்.

நேற்று அவர்கள் முடிவை எனக்கு எழுதினார்கள். படிகத்தில் எந்த அழுக்கும் இல்லை. ஹீலியத்தில் சமமாக அழுத்தியபோது, நீ பார்த்த மாதிரியே அடுக்குகள் ஒரே மூச்சில் அமுங்கின. ஆனால் மீக்கடத்தல் துளிகூட இல்லை. நீ பார்த்தது, உறைந்த எண்ணெய் கோணலாக நெருக்கியதால் வந்தது.

அதனால் நீ கேட்டதை எழுத மாட்டேன். எழுதினால் இந்த நாட்டில் எந்த ஆய்வகமும் இனி என்னை உலைப் பக்கம் விடாது. சென்னையில் ஒரு ஆய்வகத்தில் நேர்காணலுக்கு அழைத்திருக்கிறார்கள். எனக்கு மிஞ்சியிருப்பது, நன்றாகப் படிகம் வளர்ப்பவள் என்ற பெயர் ஒன்றுதான்.

ஜப்பான்காரர்கள் தங்கள் கட்டுரையை எழுதி முடித்துவிட்டார்கள். கொஞ்சம் பொறுங்கள் என்று கேட்டிருக்கிறேன். ஏன் என்று கேட்டார்கள். வீட்டுச் சூழ்நிலை என்று பொய் சொன்னேன். அதற்குள் நீயே எழுதி உன் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள். நீயே சொன்னால் அது தெரியாமல் நடந்த தவறு. அவர்கள் சொன்னால் அதற்கு வேறு பெயர்.

போன வாரம் வேலூர் பஸ் ஸ்டாண்டில் உன் அம்மாவைப் பார்த்தேன். ஒடுகத்தூர் பஸ்ஸுக்கு நின்றிருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "எம்பொண்ணு இன்னாவோ பெருசா கண்டுபிடிச்சிட்டாளாமே! நீயும் அதுல இருந்தியா கண்ணு?" என்று கேட்டார். "இல்லம்மா, எல்லாம் அவதான்" என்றேன். அவர் முகம் அப்படிப் பூரித்தது. அதற்கு மேல் அங்கே நிற்க முடியாமல் வந்துவிட்டேன்.

சீக்கிரம் எழுது, தமிழினி. எனக்கு இல்லை, அந்தப் பத்திரிகைக்கு. அல்லாஹ் உனக்கு அந்தத் தைரியத்தைக் கொடுக்கட்டும். அவர்களை என்னால் ரொம்ப நாள் நிறுத்தி வைக்க முடியாது.

துஆவுடன்,
உமைமா