ஆறின கஞ்சியின் வாசனை

புஜைரா, நவம்பர் 2006, செவ்வாய்.

ஓட்டலில் இன்று ஜப்பான்காரர்களின் அரிசி மதுவான சாகேயை ருசி பார்த்தார்கள். மெனுவில் ஒவ்வொரு பாட்டிலுக்கும் இரண்டு வரி எழுத வேண்டுமாம். ஸ்டோரிலிருந்து பாட்டில்களைக் கொண்டுபோன எனக்கும் ஒவ்வொரு வாய் கிடைத்தது.

முதலாவதில் ஆறின கஞ்சியின் வாசனை, பின்னால் லேசான இனிப்பு. இரண்டாவது உப்புத் தொட்ட பேரிக்காய். கேட்டவர்களிடம் அப்படியே சொன்னேன். மூன்றாவதில் ஆப்பிள் மணக்கும் என்று மேனேஜர் பிரகாஷ் லேபிளைப் பார்த்து வாசித்தான். எனக்குக் கருகின வெல்லம்தான் மணத்தது.

“இது கெட்டுப்போச்சு. ஆகஸ்ட்ல ரெண்டு நாள் கோல்ட் ரூமுக்கு வெளியே கிடந்த பெட்டி. அன்னைக்கே சொன்னேன்” என்றேன்.

“அந்தோணி அண்ணே, கஞ்சி, வெல்லம்னு இதென்ன பலசரக்குக் கடையா? போய் ஸ்டோரைப் பாருங்க.”

எல்லாரும் சிரித்தார்கள். ஜப்பான் சமையல்காரர் வரட்டும் என்று நான் நகராமல் நின்றேன்.

அவர் வந்து மூன்றாவதை வாயில் வைத்ததும் துப்பினார். சூடு பட்டது, அந்தப் பெட்டியில் ஒரு பாட்டிலும் மேசைக்குப் போகக்கூடாது என்றார். கண்டுபிடித்தது யார் என்று கேட்டு, என் முன்னால் தலை குனிந்தார். பதினாறு வருஷத்தில் இந்த ஓட்டலில் எனக்கு யாரும் அப்படிச் செய்ததில்லை. மற்ற இரண்டையும் நான் சொன்னபடியே எழுதச் சொன்னார்.

சாயந்தரம் பிரகாஷ் நோட்டும் பேனாவுமாக ஸ்டோருக்கு வந்தான்.

“அண்ணே, அந்த முதல் பாட்டிலுக்கு என்ன சொன்னீங்க?”

நான் அரிசி மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அவன் இரண்டாம் முறை கேட்ட பிறகுதான் சொன்னேன்.