பழைய பிக்கப்புக்கு ஆறு விதிகள்

மே 7, 1961. ஞாயிறு

பனிமூட்டம். பத்து மணிக்குத்தான் தொழிற்சாலைப் புகைபோக்கி தெரிந்தது. ஆராதனைக்குப் போகவில்லை. வலது முழங்கால்.

நாளை வண்டி வேலை தொடக்கம். எனக்கு எதையும் எழுதி வைத்துக்கொள்ளாமல் செய்யத் தெரியாது. ஆகவே வரிசை:

1. கழற்றுவது. ஒவ்வொரு பாகத்துக்கும் சீட்டு ஒட்டுவது.
2. பிரேக். பழைய கம்பி பிரேக் வேண்டாம். இந்தக் காலத்து எண்ணெய் பிரேக்.
3. பற்றரி, விளக்குகள்.
4. பின்பக்கத்தில் நோயாளி படுக்க ஸ்ட்ரெச்சர். குலுக்கம் குறைய வேண்டும்.
5. தோட்ட டிஸ்பென்சர் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுக்கும் துண்டு இல்லாமல் யாரையும் ஏற்றுவதில்லை.
6. ஓட்டுவது தங்கையா. நான் ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை.

கடைசி இரண்டும் பெரிய துரைக்கு நான் எழுதிய கடிதத்திலும் உண்டு. அவர் கேட்கவில்லை. கேட்கும் முன்பே எழுதிவிட்டேன். டிஸ்பென்சர் வேலையில் ஓய்வுபெற்றும் இந்தத் தோட்டத்து வீட்டில் இருக்கிறேன் என்றால் அது அவருடைய தயவு. கடிதத்தை முழுதாகப் படித்தாரா என்பதும் தெரியவில்லை. "அந்த இரும்புக் குப்பையையா? எடுத்துக்கொள்" என்று மட்டும் சொன்னார்.

குப்பைதான். யுத்தத்துக்கு முன் பழைய துரை வாங்கிய பிக்கப். அவர் சீமைக்குப் போனதிலிருந்து விறகுக் கொட்டகையில். சீட்டுக்குள் எலிக் குடும்பம்.

மே 10. புதன்

தூறல். அட்டைக் கடி இரண்டு, இடது கணுக்காலில்.

முன்பக்கம் முழுதும் கழற்றியாயிற்று. 114 பாகம். டிஸ்பென்சரியில் மிஞ்சியிருந்த மருந்துப் போத்தல் லேபிள்களில் எண் எழுதி ஒட்டினேன். தங்கையா ஒரு போல்ட்டைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார்.

"என்னங்கய்யா, 'சாப்பாட்டுக்குப் பின் மூன்று வேளை'ன்னு போட்டிருக்கு?"

"பின்பக்கம் பாருங்க. எண் அங்கே இருக்கு."

தங்கையா தொழிற்சாலை இஞ்சின் அறையில் இருபது வருடம். ஐந்து மணிக்கு வேலை விட்டு நேரே இங்கே வருகிறார். கூலி பேசவில்லை. அவர் ஏன் வருகிறார் என்பது இருவருக்கும் தெரியும்.

அவருடைய மகள் லெட்சுமி. மேல் லயத்து வரிசை வீடு ஒன்றில் இருக்கிறாள். இது மூன்றாவது பிள்ளை. முதல் இரண்டும் ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் போய்விட்டன. இரண்டு தடவையும் கம்பளியில் கட்டி, மூங்கிலில் தூக்கி, மூன்றரை மைல் பிரதான ரோட்டுக்கு இறக்கினார்கள். தோட்டத்து லொறி தேயிலைப் பெட்டிக்கு. மனிதருக்கு அல்ல. இரண்டு தடவையும் துண்டு எழுதிக் கொடுத்தவன் நான். எழுதியதோடு என் வேலை முடிந்தது.

என் கணக்குப்படி பிரசவம் ஜூலை முதல் வாரம். வண்டி ஜூன் நடுவில் ஓட வேண்டும்.

மே 16. செவ்வாய்

வெயில். கொட்டகலை போனோம், பஸ்ஸில். கண்ணாடிக் கூட்டை மறந்து வந்து, திரும்பப் போய் எடுத்து, இரண்டாவது பஸ்.

பழைய இரும்புக் கடை காதர் நானாவின் முற்றத்தில் ஒரு வேன். வாங்கி மூன்று வருடம்தான். லிந்துலைப் பக்கம் பள்ளத்தில் உருண்டதாம். மேல்கூடு நசுங்கியிருக்கிறது, கீழே ஒன்றும் ஆகவில்லை.

நானா: "டொக்டரய்யா, மனுசருக்கு மருந்து குடுத்து முடிஞ்சிட்டா? இப்ப இரும்புக்கா?"

நான் டொக்டர் அல்ல, டிஸ்பென்சர் என்றேன். முப்பது வருடமாகச் சொல்கிறேன்.

"எனக்கு நீங்க டொக்டர்தான். எங்கட உம்மாட நெஞ்சுச் சளிய எறக்கினது யாரு? எடுத்துக்கொண்டு போங்க. கீழ ஈக்கிறதெல்லாம் புதுசு."

எடுத்தவை:
முன் அச்சு, பின் அச்சு, பிரேக் சாமான்கள் சேர்த்து.
பன்னிரண்டு வோல்ட் பற்றரி, டைனமோ.
முன்விளக்கு ஒன்று. மற்றது உடைசல்.
சீட்டு ஸ்பிரிங் சுருள்கள், பதினான்கு.

வேனின் அச்சு நம் வண்டியை விட இரண்டு அங்குலம் அகலம். எனக்குக் கவலை. தங்கையா விரலால் அளந்தார். "துளைய மாத்திப் போட்டுக்கலாம்யா. நாம போடுற எடத்துலதான் அது நிக்கணும்."

மே 24. புதன்

மேல் லயத்துக்கு ஏறினேன். இப்போது எனக்கு அங்கே உத்தியோகம் கிடையாது. புதிய டிஸ்பென்சர் தவறாக நினைப்பாரோ என்று பாதி வழியில் நின்றேன். பிறகு போனேன்.

லெட்சுமி கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு வாசலில் நின்றாள். கால் வீக்கம் உண்டு, அதிகமில்லை. முகத்தில் இல்லை.

"வண்டி ஓடுமாங்கய்யா?"

"ஓடும்மா."

"நெசமாவா? அப்பா தூக்கத்துல கூட நட்டு போல்ட்டுங்கிறாரு."

அவள் தாய் பார்வதி உள்ளேயிருந்து: "வண்டி வர்றது இருக்கட்டும். இவள மலையில கொழுந்தெடுக்கப் போகாதன்னு சொல்லுங்க. கங்காணிக்குப் பயந்து போறா."

சொன்னேன். கேட்கமாட்டாள். பிள்ளைக்குத் துணி எதுவும் தைத்து வைக்கவில்லை என்பதைக் கவனித்தேன். கேட்கவில்லை.

ஜூன் 2. வெள்ளி

மழை தொடங்கிவிட்டது. கொட்டகைக் கூரை மூன்று இடத்தில் ஒழுக்கு.

அச்சுகள் ஏறிவிட்டன. துளை மாற்றிய இடங்கள் சரி. பழைய ஸ்டார்ட்டருக்குப் புதுப் பற்றரியின் பன்னிரண்டு வோல்ட் கொடுத்தார் தங்கையா. அது ஆறு வோல்ட்டுக்குப் பிறந்தது. பேய் பிடித்ததுபோல் சுழன்று இஞ்சினைக் கிளப்பிவிட்டது. கொட்டகை முழுதும் புகை. எலிகள் ஓட்டம். நான் கை தட்டியிருக்கிறேன். தங்கையா சொல்லித்தான் தெரியும்.

பிரேக்கை என்னிடம் விட்டார். மிதித்தால் எண்ணெய் குழாய் வழியே ஓடி, சக்கரத்திலுள்ள சிறு சிலிண்டரில் ஒரு ரப்பர் மூடியைத் தள்ளும். அது பிரேக்கை நெருக்கும். வடிவம் ஊசிக் குழலைப் போல. எனக்குப் புரிகிறது. ரப்பர் மூடி எட்டு. அழுக்கு. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, துடைத்து, மறுபடி ஊறவைத்துக் கழுவினேன். கருவிகளை இரண்டு தடவை கொதிக்கவைப்பது என் பழக்கம். சுத்தத்தில் குறை வைக்கவில்லை.

ஜூன் 6. செவ்வாய்

மழை. அவமானம்.

வண்டியைத் தொழிற்சாலை வாசல் வரை உருட்டினோம். தங்கையா ஒருமுறை பிரேக்கை மிதித்தார், நின்றது. பிறகு விடவே இல்லை. நான்கு சக்கரமும் இறுகி, சூடேறி, கருகல் வாடை. கொழுந்து நிறுக்க நின்ற பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தங்கையா சக்கரத்தைப் பிரித்தார். ரப்பர் மூடிகள் பணியாரம்போல் ஊதியிருந்தன.

"இத எதுல கழுவுனீங்க?"

"மண்ணெண்ணெயில்."

"ரப்பரையா?"

"ரெண்டு தடவை."

அவர் என்னைப் பார்த்தார். சத்தம் போடவில்லை. "ரெண்டு தடவ வேறயா" என்று சிரிக்கத்தான் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. அவர் நாள் எண்ணுகிறார் என்று தெரிந்தது. நானும் எண்ணினேன்.

நான் சரியாகச் செய்கிறேன் என்று நினைக்கும்போதுதான் என்னைக் கண்டு பயப்பட வேண்டும் போலிருக்கிறது.

ஜூன் 10. சனி

காதர் நானா எங்கோ தேடி எட்டு மூடி அனுப்பினார். கூடவே செய்தி: "டொக்டரய்யாட்ட சொல்லுங்க, இதுக்கு மருந்து போட வேணாம்."

பிரேக் எண்ணெய் டின்னை முகர்ந்தேன். விளக்கெண்ணெய் வாடை. பிள்ளைகளுக்கு எத்தனை ஆயிரம் கரண்டி ஊற்றியிருப்பேன், மூக்கு மறக்குமா? மூடிகளை ஸ்பிரிட்டில் ஒரே தடவை துடைத்து, விளக்கெண்ணெய் தடவிப் போட்டோம். தங்கையா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் பார்த்தார். சரிதான், பார்க்கட்டும்.

ஜூன் 15. வியாழன்

மழை ஓய்வு. வண்டி ஓடுகிறது.

வேனின் சீட்டுச் சுருள்கள்மேல் ஸ்ட்ரெச்சரைக் கட்டினோம். அதன்மேல் ஒரு தம்ளர் நிறையத் தண்ணீர். காலையில் ஆட்களைப் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தைச் சுற்றி, தொழிற்சாலைக்கு இறங்கி, திரும்ப ஏறினோம். நான் பின்னால் குந்தியிருந்து தம்ளரைப் பார்த்தேன். கால் தம்ளர் சிந்தியது. முதலில் சுருள் இல்லாமல் போட்டபோது முக்கால்.

நான்கு திருப்பத்திலும் பிரேக் பிடித்தது, பிடித்தபின் விட்டது.

கிழவர்கள் வண்டியைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒருவர்: "முன்னால பழைய துரை மூஞ்சி, கீழ புது மாப்பிள்ள காலு." பார்வதி முன்கண்ணாடிக்குத் திருநீறு பூசிவிட்டுப் போனாள். ஆராதனைக்குப் போகும் வேதக்காரன் நான். துடைக்கவில்லை.

ஜூன் 22. வியாழன்

நேற்று எழுத முடியவில்லை. நடந்ததை நேரப்படி எழுதுகிறேன்.

காலை 9.20. லெட்சுமிக்கு வலி. கணக்குக்குப் பத்து நாளுக்கு மேல் முந்தி. மலையில், கொழுந்து நிரையில் வைத்தே தண்ணீர் உடைந்திருக்கிறது. கம்பளியில் தொழிற்சாலை வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். பெருமழை. அவள் கணவன் முருகேசு, பார்வதி, இன்னும் நான்கு பேர். தங்கையா அதற்குள் இஞ்சினைக் கிளப்பிவிட்டார்.

9.30. ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்தோம். நாடி 104. பயம் இல்லை என்றாள். கை ஐஸ்.

நான் கேட்டேன், துண்டு எங்கே?

டிஸ்பென்சர் கீழ்ப் பிரிவில் அம்மை குத்துகிறார் என்றார்கள். அது ஒன்றரை மைல். முருகேசுவை ஓடச் சொன்னேன். ஓடினான்.

துண்டு இல்லாமல் ஆஸ்பத்திரியில் ஏற்க மாட்டார்கள் என்று நினைத்தேன். துரைக்குக் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறேன் என்று நினைத்தேன். முதல் நாளே விதியை மீறினால் வண்டியைப் பிடுங்கிவிடுவார்கள், அடுத்தவளுக்கு வண்டி இருக்காது என்றும் நினைத்தேன். இது உண்மை. வீட்டையும் நினைத்தேன். இதுவும் உண்மை.

தங்கையா ஸ்டியரிங்கிலிருந்து திரும்பி ஒரு தடவை கேட்டார். "போயிரலாமாங்கய்யா?"

"கொஞ்சம் பொறுங்க. துண்டு வந்துரும்."

பிறகு அவர் கேட்கவில்லை. அவருடைய மகள். வண்டி அவர் கையில். நான் பொறுங்க என்றதும் பொறுத்தார். முப்பது வருடமாக இந்தத் தோட்டத்தில் நான் சொன்னால் பொறுத்திருக்கிறார்கள்.

பார்வதி என் கையைப் பிடித்தாள். "நீங்களே எழுதுங்களேன்யா. எத்தன வருசம் எழுதுன கை!"

"என் கையெழுத்து இப்போ செல்லாதும்மா."

"எம்புள்ளைக்குச் செல்லும்யா."

10.15. முருகேசு வந்தான். விழுந்திருக்கிறான், முட்டியில் இரத்தம். துண்டு நனைந்து மை கரைந்து, அவள் பெயர் மட்டும் தெரிந்தது. புறப்பட்டோம்.

வழியில் பிரேக் எங்கும் தவறவில்லை. ஒரு திருப்பத்தில் மண் சரிந்திருந்தது, அதையும் ஒட்டிக் கடந்தார். லெட்சுமி என் சட்டைக் கையைக் கடித்துக்கொண்டிருந்தாள். 10.40-க்குப் பிறகு வயிற்றில் காது வைத்துப் பார்த்தேன். மழை, இஞ்சின். துடிப்பு கேட்கவில்லை. இந்த இரைச்சலில் கேட்காது என்று எனக்கு நானே சொன்னேன்.

11.05. ஆஸ்பத்திரி. வாசலில் இருந்த சிங்கள அட்டெண்டன்ட் ஓடிவந்து ஸ்ட்ரெச்சரைப் பிடித்தார். அப்படியே உள்ளே. நான் சட்டைப் பையிலிருந்து துண்டை எடுத்து நீட்டினேன். அவர் என் கையை விலக்கிவிட்டு, "இஸ்ஸரஹட்ட யன்ன" என்றார். முன்னே போ என்று.

11.40. ஆண் குழந்தை. உயிரில்லை. கொடி கழுத்தில்.

தாய் பிழைத்தாள்.

ஜூன் 24. சனி

மழை இல்லை. காற்று.

நேற்று மாலை ஆறாம் நம்பர் மலை ஓரத்தில் அடக்கம். ஆண்கள் மட்டும். குழியில் நீர் ஊறியிருந்தது, முருகேசு கைகளால் இறைத்தான்.

நாற்பத்தைந்து நிமிடம் முன்னால் போயிருந்தால்? ஆஸ்பத்திரி டொக்டரம்மா அப்படி எதுவும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. இவ்வளவு படித்தவனுக்குக் கேட்கத் தைரியமில்லை. கொடி எப்போது இறுகியது என்று யாராலும் சொல்ல முடியாது. இதை நூறு தாய்மாருக்கு நான் ஆறுதலாகச் சொல்லியிருக்கிறேன். எனக்குச் சொல்லிக்கொண்டால் நிற்கவில்லை.

இன்று காலை தங்கையா கொட்டகைக்கு வந்தார். வருவார் என்று நினைக்கவில்லை. ஸ்ட்ரெச்சர் துணியைக் கழற்றிக் கழுவப் போட்டார். சக்கரத்துக்குக் கிரீஸ் அடித்தார். நான் ஸ்பானர்களை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சக்கரத்தின்மேல் குனிந்தபடியே கேட்டார்:

"அங்க துண்டு கேட்டாங்களாங்கய்யா?"

"இல்லை."

"யாருமேயா?"

"யாரும் கேட்கலை, தங்கையா."

கிரீஸ் துப்பாக்கியைக் கீழே வைத்தார். கையைத் துணியில் துடைத்தார், விரல் விரலாக. "மூணாம் லயத்துல செல்லம்மாவுக்கு ஆவணியில" என்றார். "அவளுக்குச் சாவி எங்கிட்ட இருக்கட்டும்."

கொடுத்தேன். இரண்டு சாவியையும்.

முதல் பக்கத்தைத் திருப்பி, துண்டு பற்றிய அந்த வரியைக் கோடு போட்டு அடிக்கப் பேனாவை எடுத்தேன். அடிக்கவில்லை. அடித்தால் எழுதவேயில்லை என்பதுபோல் ஆகிவிடும். துரை எழுதச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி கேட்கவில்லை. பயத்தில் நானே எழுதி, அதை ஒழுங்கு என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாவது விதி தவறு.