அரசருக்கு அருகில் உறங்குபவர்

நண்பனே,

இன்று காலை எங்கள் குசினியில் கடுகு வெடித்தது உன் கோப்பிப் பாத்திரத்தில். நீண்ட கைபிடி வைத்த அந்தப் பித்தளைப் பாத்திரத்தை உன் செத்தவீட்டுக்குப் பிறகு உன் மனைவி என் கையில் தந்தார். என் மனைவி அதைத் தாளிக்கிற பாத்திரமாக்கிவிட்டாள். நீ பார்த்திருந்தால் சிலுவைக் குறி போட்டிருப்பாய். அந்த மணம் எழும்பின நேரம் ரெலிபோனும் அடித்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இதைத் தமிழில் எழுதுகிறேன். உனக்கு வாசிக்கத் தெரியாது. மகளிடம் கொடுத்து மொழிபெயர்க்கலாம்தான். ஆனால் அவள் மொழிபெயர்ப்பை நம்பி நான் பட்ட பாடு உனக்குத் தெரியும்.

அது எழுபத்தைந்தோ ஆறோ. மெல்போர்னில் கார்ப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் நீயும் நானும் ஒரே மெஷினில் நின்றோம். உன் ஆங்கிலத்துக்கு ஒரு கால் நொண்டி, என்னுடையதுக்கு இரண்டும். சாப்பாட்டு நேரத்தில் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, கிரேக்கர்களான உங்கள் பழைய பைசாந்திய அரசர்களைப் பற்றி, ஏதோ பக்கத்து வீட்டுக்காரரைப் போல, நீ வம்பளப்பாய். நீ சொன்னதெல்லாம் என் தமிழில்தான் நினைவில் இருக்கிறது.

“சின்னப் பிள்ளையைத் தூக்கிச் சிம்மாசனத்திலை வைப்பினம். ஆளுறது பின்னாலை நிக்கிற ஆள். ஒரு தாய் அப்பிடி ஆண்டவ. மகன் வளந்து தன்ரை இடத்தைக் கேக்க, பெத்த அறையிலையே அவன்ரை கண்ணைக் குத்துவிச்சவ.”

“எங்கடை வீட்டிலை மகள்தான் ராசாங்கம்,” என்று நான் சிரித்தேன். “ரெலிபோன், வீட்டுக்காரன், பள்ளிக்கூடம் எல்லாத்திலையும் இங்கிலீசு கதைக்கிறது அவள். இப்ப தாயோடை ஆசுப்பத்திரிக்கும் அவள்தான். நான் சும்மா கதிரையை நிரப்பிக்கொண்டு இருக்கிறன்.”

நீ சிரிக்கவில்லை. “டொக்டர் என்ன சொன்னவர்?”

“ஒண்டுமில்லையாம். மகள் சொன்னவள்.”

உன் வாய் மெல்லுவதை நிறுத்தியது. “அந்த அரண்மனையிலை ஒரு பதவி இருந்தது. ‘அரசருக்கு அருகில் உறங்குபவர்’ எண்டதுதான் பேர். எந்தச் சேதியும் அவரைத் தாண்டித்தான் உள்ளை போகும். அவர் விடாட்டி, ஊர் எரிஞ்சாலும் அரசருக்குத் தெரியாது.”

சில நாட்களாக மகள் தன் மெத்தையை இழுத்து வந்து எங்கள் அறை வாசலில் போட்டுப் படுத்து வந்தாள். இரவில் கூரையில் ஓடும் பொசம் என்ற பிராணிகளுக்குப் பயம் என்று நினைத்து, நான் அவளைப் பகிடி பண்ணிக்கொண்டிருந்தேன்.

வேலை முடிய உன் காரில்தான் வீட்டுக்குப் போனோம். மகள், பதின்மூன்று வயதுக்காரி, பள்ளிச் சட்டையோடு நின்றாள். உன்னைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“அம்மாவின்ரை நெஞ்சிலை கட்டியாம். கெதியா ஒப்பரேசன் செய்யோணுமாம். அவை ரெலிபோனும் எடுத்தவை. பிறகு வாறம் எண்டு சொல்லிப்போட்டன்.”

“ஏன் பிள்ளை எனக்குச் சொல்லேல்லை?”

“சொன்னா அது உண்மையாப் போயிடும் எண்டு பயமாக் கிடந்தது, அப்பா. அம்மா மூச்சு விடுறாவோ எண்டு கேட்டுக்கொண்டுதான் அங்கை படுக்கிறனான்.”

அவளை ஏசுவதற்கு என்னிடம் வாய் இருக்கவில்லை. அந்தச் சின்னத் தலையில் கிரீடத்தை வைத்துவிட்டுக் கதிரையில் சாய்ந்திருந்தவன் நான்தானே.

மறுநாள் நீயும் வேலைக்குப் போகாமல் எங்களோடு ஆசுப்பத்திரிக்கு வந்தாய். டொக்டர் மழை கொட்டுவதுபோல் பேசினார். நீ கையைத் தூக்கினாய். “ஸ்லோ, பிளீஸ். நாங்கள் முட்டாள்கள் இல்லை, கிரேக்கர்கள்.” நானும் கிரேக்கனாகத் தலையாட்டினேன். அவர் என் கறுப்பு முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். இன்னும் பிந்தியிருந்தால் என்ன என்பதையும் சொன்னார். அந்த ஒன்றை வேகமாகவே சொல்லியிருக்கலாம்.

மனைவியைக் காப்பாற்றிவிட்டார்கள். உன் நெஞ்சுவலியைத்தான் நீ ஒருவருக்கும் சொல்லவில்லை.

இன்று காலை ரெலிபோன் எடுத்தது ஆசுப்பத்திரி. மனைவிக்கு வருடாந்தச் சோதனை செய்திருந்தார்கள். மகள் பழைய பழக்கத்தில் ஓடி வந்தாள். நான் கையைக் காட்டி மறித்தேன். ரிசீவரை நானே எடுத்தேன். அந்தப் பக்கத்தில் ஒரு பெண் கடகடவென்று தொடங்கினாள்.

“ஸ்லோ, பிளீஸ்,” என்றேன். “நான் முட்டாள் இல்லை, கிரேக்கன்.”

அவள் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். மனைவி அகப்பையோடு நின்றாள், மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கேட்டதை ஒரு சொல்லும் விடாமல் இருவருக்கும் சொன்னேன். கட்டி திரும்ப வரவில்லை, அடுத்த வருடம் வரட்டாம்.

பிறகு உன் பாத்திரத்தைக் கழுவி, உன் முறைப்படி கோப்பி வைத்தேன். ஒரே கடுகு மணம். குடிக்கச் சகிக்கவில்லை. முழுவதையும் குடித்தேன்.