மோட்டர் நின்ற இடம்

இன்று காலை உன் அறைக்கு வந்து பழைய சிந்தசைசரைப் போட்டேன். சூடேறியதும் அதன் உள்ளிருந்து தூசி எரியும் மணம் வந்தது. இந்த வீட்டில் உன்னை நேர்மையாக நினைவூட்டுவது அது ஒன்றுதான். நீ செத்த முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு உன் நினைவாக அச்சடித்த கல்வெட்டுப் புத்தகத்தில் நீ ‘பண்பின் சிகரம், இன்சொல் வேந்தன்’. அச்சகத்தில் வேறு யாருக்கோ எழுதிய வெண்பாவை மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்றே நினைத்தேன். படம் உன்னுடையதுதான்.

நம் இசைத்தட்டை இந்த இணுவில் அறையில்தான் தொடங்கினோம். இரண்டு பழைய சிந்தசைசர்ப் பெட்டிகள், ஒரு நாடாப் பதிவுக் கருவி. கணினி கூடாது, எக்கோ அறவே கூடாது. பெட்டியில் பிறந்த சத்தம் பிறந்த மேனிக்கு நாடாவில் ஏற வேண்டும் என்பது உன் சட்டம். கொஞ்சமாவது எக்கோ போடலாம் என்று நான் கெஞ்சாத நாளில்லை.

“கறி பழுதானால் தூளை அள்ளிப் போடுற வேலை உது” என்பாய்.

“உப்பில்லாத கறியை ஆரடா தின்னுறது?”

“தின்னாதை. கோயில் ஸ்பீக்கருக்குக் கீழை போய் இரு. எக்கோ வயிறு முட்டக் கிடைக்கும்.”

இன்சொல் வேந்தன்.

வேலிக்கு அப்பால் பக்கத்து வளவு ஐயா தோட்டத்துக்கு இறைக்க மோட்டரைப் போட்டால் நம் அறையில் மின்சாரம் தாழும். கூடவே சிந்தசைசரின் சுருதியும் இறங்கும். எப்போது இறைப்பீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் உனக்கும் அவருக்கும் வேலிச் சண்டை. “உவனிட்டைப் போய்க் கேக்கிறதோ? செத்தாலும் கேக்கமாட்டன்” என்றாய். நீ காப்பாற்றிய வாக்கு அது ஒன்றுதான்.

கேட்பதற்குப் பதிலாக, இறங்கிய சுருதிக்கே எல்லாவற்றையும் சேர்த்து வைத்தாய். மோட்டர் ஓடும்போது மட்டும் பதிவு. பகையாளியின் வெங்காயத்துக்குத் தாகம் எடுத்தால்தான் நமக்குச் சங்கீதம். அதைவிட வசதியாக, நாம் பெட்டியைப் போட்ட சற்று நேரத்தில் அவர் மோட்டரைப் போடுவார். அதை உன் அதிர்ஷ்டம் என்று பீற்றிக்கொண்டாய்.

கடைசிப் பாட்டின் நடுவில் மோட்டர் நின்றது. சுருதி மெல்ல மெல்ல மேலேறியது. நீ வேலியைப் பார்த்துச் சொன்னதைக் கல்வெட்டில் சேர்க்கவில்லை. திருப்பிப் பதியலாம் என்றாய். அதற்குள் போய்விட்டாய்.

உன் அண்ணை கனடாவிலிருந்து வந்திருக்கிறார். இன்று பின்னேரம் நாடாவைக் கொண்டுபோய் அங்கே இசைத்தட்டாக அடிக்கப் போகிறார். “தம்பி, கடைசிப் பாட்டைத் திருத்தும். எல்லாத்துக்கும் வடிவா எக்கோ போட்டுவிடும். கேக்கிற ஆக்கள் அழோணும்” என்றார். நான் காலமெல்லாம் கேட்டது தானாக வந்து மடியில் விழுந்தது. முதலில் கடைசிப் பாட்டைப் புதிதாகப் பதிந்துவிடலாம் என்றுதான் பெட்டியைப் போட்டேன்.

வேலிக்கு அப்பால் இருமல் கேட்டது. பக்கத்து வளவு ஐயா.

“தம்பி, பெட்டி சூடாகீட்டுதோ? மோட்டரைப் போடட்டோ?”

“உங்களுக்குத் தெரியுமோ ஐயா?”

“தெரியாமலோ? சுருதி, சுருதி எண்டு ரெண்டு பேரும் கத்திறது எங்கடை கிணத்தடி மட்டும் கேக்கும். மழை பெய்யேக்கையும் இறைச்சிருக்கிறன். மனிசி எனக்கு விசர் பிடிச்சிட்டுது எண்டவ.”

“அப்ப கடைசிப் பாட்டிலை ஏன் நிப்பாட்டினனீங்கள்?”

“அண்டைக்குக் காலமை அவன் என்ரை பூவரசங் கொப்பை வெட்டினவனெல்லோ! வேணுமெண்டுதான் நிப்பாட்டினனான்.” வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். “இண்டைக்குப் போடுறன். பதியும்.”

“வேண்டாம் ஐயா” என்று பெட்டியை அணைத்தேன்.

நாடாவை அப்படியே உன் அண்ணையிடம் கொடுத்தேன்.

“எக்கோ?”

“ஏலாது அண்ணை. அவன் ஆரையும் அழ வைக்கிற ஆளில்லை. எரிச்சல் மூட்டுற ஆள். பாட்டும் அப்பிடியே போகட்டும்.”

உன்னோடு இத்தனை காலம் வாதாடியும் ஒருமுறைகூட நான் வென்றதில்லை. ஒரு சுவிட்சைத் தட்டி வென்றுவிட்டார் அந்த மனிதர். நீ தோற்ற அந்த இடத்தைத் தட்டிலிருந்து அழிக்க நான் யார்? அதன் பிரதி என்னிடம் இருக்கிறது. சுருதி ஏறும் இடம் வரும்போதெல்லாம் சத்தத்தைக் கூட்டிவிட்டுக் கேட்கிறேன். உன்மேல் உள்ள கோபத்தையும் அப்படியே வைத்திருக்கிறேன். அதற்கும் எக்கோ போடவில்லை.