றைற் என்றால் வலமல்ல

மச்சான்,

மினிவானின் பின்கொக்கி இரும்புக் குண்டில் நீ கவிழ்த்து வைத்த சிரட்டை இன்னும் அப்படியே இருக்கிறது. காலையில் ட்ரெய்லரைக் கொழுவ அதை எடுத்தபோது கிறீஸ் கையெல்லாம் அப்பிக்கொண்டது. அந்த நாற்றத்தோடு உன் மேல் கோபமும் வந்தது. உன்னுடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சாப்பாட்டுக்குச் சமையல் கிடாரங்களையும் கதிரைகளையும் பகேரியாவிலுள்ள மண்டபத்துக்கு இழுத்துப் போகவேண்டும். அதற்கும் நான்தான்.

உதவிக்கு வந்த உன் கூட்டாளிகள், நான் சங்கிலி மாட்டி முடிப்பதற்குள் கிடாரங்களையெல்லாம் வால் பக்கம் அடுக்கிவிட்டார்கள். இறக்கச் சுகமாம். "பாரம் முன்னுக்கு இருக்கோணும், மச்சான். வால் கனத்தா ஆட்டும்" என்று ஒவ்வொரு முறையும் என் காதைத் தின்பாயே, அதை அவர்களுக்குச் சொன்னேன். "நேரம் போகுது, வெளிக்கிடுங்கோ" என்றார்கள். பெருவீதியில் ஏறியதும் ட்ரெய்லர் இரண்டு பக்கமும் அலையத் தொடங்கியது. பிரேக்கை மிதிக்காமல் வேகத்தை மெல்ல விட்டு, அடுத்த பெற்றோல் செட்டில் ஒதுக்கி, எல்லாவற்றையும் இறக்கி முன்னுக்கு ஏற்றினேன். உதவிக்காரர் ஒருவரும் அங்கே இல்லை.

இந்த ட்ரெய்லரை நாம் பிரான்காச்சோவிலுள்ள பட்டறையிலிருந்து எடுத்த நாள் ஞாபகமிருக்கிறதா? ஒழுங்கையில் நான் பின்னுக்கு எடுக்க, நீ ஊர் பஸ் கொண்டக்டர் மாதிரி "றைற், றைற்!" என்று கத்தினாய். நான் வலப்பக்கம் ஒடித்தேன். பட்டறைக்காரனின் கேற் நெளிந்தது. அவன் கையை ஆட்டி ஆட்டிக் கத்த, நீ என்னைத்தான் ஏசினாய்.

"றைற் எண்டா வரலாம் எண்டு அர்த்தம். வலப்பக்கம் எண்டு ஆரடா சொன்னது?"

"அப்ப வலப்பக்கத்துக்கு என்ன சொல்லுவாய்?"

"கையைக் காட்டுவன்."

கண்ணாடியில் உன் வயிறு மட்டும்தான் தெரியுது என்றேன். நீ மாறவில்லை, நான்தான் மாறினேன். றைற் என்றால் நேரே வா, போதும் என்றால் நில். இத்தனை வருடமும் அப்படியே ஓடியது.

இன்று மண்டப வாசலில், ஊர் பஸ்ஸையே காணாமல் இங்கே பிறந்து வளர்ந்த உன் மகள் பின்னால் நின்றாள். "வாங்கோ மாமா, நான் பாக்கிறன்" என்றவள், கொஞ்சத்தில் "றைற், றைற்!" என்றாள். நான் நேரே வந்தேன். ட்ரெய்லர் தூணில் மோதிப் பின்விளக்கு நொறுங்கியது.

"ஐயோ மாமா, தெஸ்த்ரா! வலப்பக்கம் எண்டெல்லோ சொன்னனான்!"

அவள் அழத் தொடங்கினாள். நான் இறங்கி நின்று உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன். பிள்ளை பயந்துபோனாள். பிறகு ஏன் என்று அவளுக்குச் சொன்னேன், உன் இரண்டு சொல்லையும் சொன்னேன்.

"அப்பா அப்பிடியே சொல்லுறவர்?"

"ஓம். ஒருநாளும் திருந்தேல்லை."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு பின்னால் போனாள். நான் வானை முன்னுக்கு எடுத்து நேராக்கினேன். ட்ரெய்லர்த் தகரத்தில் தட்டி, "றைற், றைற்" என்றாள், உன்னைப் போலவே இழுத்து. கண் கலங்கியதில் கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. அந்தக் குரலை நம்பி நேரே வந்தேன்.

"போதும், மாமா."

அவள் சொல்லிவிட்டாள். நீ அதைச் சொல்லாமலே போய்விட்டாய், மச்சான். எனக்கு இன்னும் உன் றைற்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது.